மேல் கணக்குக்குப் போன தராசு வண்டி

“வண்டி வந்திருச்சு மச்சான். முன்னால எல்லாம் இருக்கு, பின்னால ஒன்னும் இல்ல. நீங்க வந்து செஞ்சு குடுங்க.”

கலைவாணியிடமிருந்து ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை எனக்கு வந்த குறுஞ்செய்தி இது. தேதியோடு குறிப்பிடக் காரணம் உண்டு. நானே வலிய வந்து அவளுடைய வண்டியைக் கெடுத்துவிட்டுப் போனதாக இப்போது பசறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

கலைவாணி என் அத்தை மகள். எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் திருச்சிக்கு வந்தபோது அத்தை மட்டும் வர மறுத்துவிட்டார். மகள் பசறைக் கடைத்தெருவில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கணவர் கத்தாரில் வண்டி ஓட்டுகிறார். அவர் பார்த்துச் சொல்லி வாங்கியதுதான் இந்தப் பழைய பிக்கப்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. கொழுந்து நிறுக்கும் தராசுகளுக்கு முத்திரை வைக்கும் அரசு அதிகாரி மாதக் கடைசி வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் தோட்டத்துத் தராசுகளை அங்கேயே வைத்துச் சரிசெய்துவிட்டால் இனி அந்த வேலை முழுக்க அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி கொழும்புக் கம்பெனிக்கு. கொழும்புக்குப் போன தராசு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை கொழுந்தை ஏதாவது ஓட்டைத் தராசில் நிறுப்பார்கள். வேலையை மேல் கணக்கில்தான் தொடங்க வேண்டும், அதுவும் திங்கட்கிழமை காலைக் கொழுந்து நிறுக்கும் முன் தொடங்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகியான தொரை சொல்லிவிட்டார். தோட்டத்தின் பிரிவுகளை அங்கே ‘கணக்கு’ என்பார்கள். மேல் கணக்கில் கரண்டும் இல்லை, பாதை என்று சொல்லத்தக்க பாதையும் இல்லை.

ஆகவே வண்டியின் பின்புறத்தில் ஒரு வேலை மேசை, கருவிகளுக்கு இழுப்பறைகள், சூரியத் தகடு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, இரவு தங்க ஒரு கட்டில், வெயிலுக்கு ஒரு படுதா. ரயில்வே பணிமனையின் மின்பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய பாலங்களிலும் கல்லறைகளிலும் உள்ள தேதிகளைக் குறித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுபவன். எனக்கு இது பிடித்தமான வேலை. படம் வரைந்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி போட்டு, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திருச்சி விமான நிலையத்தில் கைப்பையிலிருந்த ஸ்பானர்களைப் பறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதுவுமே என் படத்தின்படி நடக்கவில்லை.

ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்த நேரத்தை எழுதப் போவதில்லை. எழுதினால் நம்ப மாட்டார்கள். வழி நெடுக ஒரு வெள்ளைக்காரப் பையன் கதவில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் முழங்கை என் தலையில் இடித்தது. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பு, இடி, மன்னிப்பு என்று எல்ல என்ற ஊர் வரை வந்தோம். அங்கே அவன் இறங்க, அதைவிட உயரமான இன்னொருவன் ஏறினான்.

புதன்கிழமை பதுளைக் கடைவீதியில் நளீம் நானாவின் இரும்புச் சாமான் கடை. திருச்சியில் கடைக்காரரிடம் இன்ன அளவில் பலகை வேண்டும் என்றால் அறுத்துக் கொடுத்து அடுத்த ஆளைப் பார்ப்பார். நளீம் நானா முதலில் எங்களை உட்காரவைத்து இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்தார். பிறகு என் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“பசறைல வீடு ஈக்க, லொறிக்குள்ள என்னத்துக்கு தங்கச்சி கட்டில்?”

“வீட்டுக்குச் சக்கரம் இல்லையே நானா” என்றாள் கலைவாணி.

கடையிலிருந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். கட்டிலைக் குறுக்கே போடச் சொன்னார் ஒருவர். குறுக்கே போட்டால் கால் வெளியே நீட்டும் என்றேன். காற்றோட்டமாக இருக்கும் என்றார். பலகையும் கீல்களும் தகடும் வாங்கி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பசிக்கு மீன் வைத்த பணிஸ் கிடைத்தது. எங்கள் ஊர்த் தேங்காய்ப் பன்னையே நினைத்துக் கடித்தவனுக்கு அதன் காரம் பெரிய அதிர்ச்சி.

வண்டியை அன்று காலையே பட்டைக் கொல்லரிடம் விட்டிருந்தாள். இங்கே தச்சர், கொல்லர், மெக்கானிக் எல்லாருமே ‘பாஸ்’தான். இந்த பாஸ் சிங்களவர். வெலிமடைக் காய்கறி லொறிகளுக்குப் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கட்டிக் கட்டியே பேர் வாங்கியவர். பழைய பட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொன்னது மட்டுமே அவருக்கு எங்கள் வேலை.

வியாழன் பின்னேரம் போய்ப் பார்த்தால் பிக்கப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று புதுப் பட்டை ஏற்றியிருந்தார். முன் கண்ணாடி வழியே பார்த்தால் வானத்துக்குப் பதில் தார் ரோடு தெரிந்தது. கலைவாணி சிங்களத்தில் கேட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்ன பதிலைப் பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்:

“தராசு வேலைக்கு வண்டி என்று நீதானே சொன்னாய், தங்கச்சி. தராசு என்றால் படிக்கல். படிக்கல் என்றால் இரும்பு. ஒரு தோட்டத்துக்குத் தேவையான இரும்பை ஏற்றினால் பழைய பட்டை தாங்குமா?”

அவள் ஏற்றப்போவது இருபது கிலோ படிக்கல் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை, பரிதாபம். இத்தனை பெரிய வண்டிக்கு இவ்வளவுதானா என்ற பரிதாபம். சரி, கழற்றுங்கள் என்றேன். மறுநாள் பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். குடும்பத்தோடு மிகிந்தலைக்கு யாத்திரை போகிறார். திங்கட்கிழமை வந்து கழற்றித் தருவாராம். திங்கட்கிழமை நாங்கள் மேல் கணக்கில் நிற்க வேண்டும்.

பதுளையில் வேறு பாஸ் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறார்கள், அவர்களும் பௌத்தர்கள்தான் என்றாள்.

வெள்ளிக்கிழமை பொசன். கடை எல்லாம் அடைப்பு. மற்ற வேலைகளையாவது பசறையில் வைத்து முடிக்கலாம் என்று பலகைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அந்த வண்டியில் போவதைப் பயணம் என்று சொல்வது கஷ்டம். சிறு பள்ளம் வந்தாலும் பின்புறம் துள்ளி எழும்பி, கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. போதாக்குறைக்கு, பொசன் அன்று ரோட்டோரம் பந்தல் போட்டுப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு கொடுப்பார்கள். தன்சல் என்று பெயர். கொடுப்பார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. இளைஞர்கள் கொடியோடு ரோட்டின் நடுவே நின்று வண்டியை மறிக்கிறார்கள். இறங்கிச் சாப்பிட்டால்தான் வழி.

முதல் தன்சலில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் இடித்த கட்டசம்பலும். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதிலும் மரவள்ளிக்கிழங்கு. வயிறு நிறைந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையிலேயே ஒரு தட்டைச் செருகினார்கள். மூன்றாவது ஐஸ்கிரீம், அதன் வரிசை ஒரு வளைவைத் தாண்டி நீண்டிருந்தது. வேலை கெடுகிறதே என்று முணுமுணுத்தேன். வரிசையில் முன்னால் நின்ற பஸ் டிரைவர் திரும்பி, “ஐயா இந்தியாவா?” என்று தமிழில் கேட்டார். ஆமாம் என்றேன். “அங்க இப்பிடி சும்மா குடுக்க மாட்டாங்களோ?” எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் நீர்மோர் கொடுப்பார்கள், ஆனால் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். அப்புறம் அது என்ன கொடுக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமையும் ஞாயிறு காலையும் வேலை. இதை மட்டும் திருப்தியோடு எழுதுகிறேன். இழுப்பறைகள் அச்சாக உட்கார்ந்தன. மேசை மடங்கியது, விரிந்தது. தகட்டை வெயிலில் வைத்ததும் பேட்டரி ஏறத் தொடங்கியது. வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம்; எல்லா இழுப்பறையும் ஒரே துள்ளலில் திறந்து, தராசு முட்களும் திருகாணிகளும் புது மெத்தை மேல் கொட்டின. கலைவாணி சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை பட்டையாக மாட்டி இழுப்பறைகளைக் கட்டினாள். என் படத்தில் சைக்கிள் டியூப் இல்லை.

“படத்துல வண்டி நல்லாத்தான் ஓடுது மச்சான்” என்றாள்.

கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஞாயிறு மத்தியானம் மடுல்சீமைக்குப் புறப்பட்டோம். நான் ஒரு விதி செய்திருந்தேன்: பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. மெத்தை புதிது, மேசை புதிது, தகட்டின் வயர்கள் காலில் மாட்டும். கலைவாணி அதைக் கேட்டுக்கொண்டே சாவியைத் திருப்பினாள். அந்தப் பாதையில் பின்புறம் திறந்த வண்டி எது வந்தாலும் அது ஊருக்குப் பொது என்பது எனக்குத் தெரியாது. வளைவுக்கு வளைவு கைகள் நீண்டன. பசறைச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஓரிடத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டார். பார்வதி அக்கா என்று கலைவாணி மெல்லச் சொன்னாள். அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறவர், அவளுக்குப் பழக்கமானவர். தான் நடந்தே வருவதாகவும் மாவு மூட்டையை மட்டும் வண்டியில் போட்டுவிடச் சொல்லியும் பார்வதி அக்கா கேட்டார். இது வேலை வண்டி, உள்ளே இடமில்லை என்று நான் விளக்கினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். “நல்லா தூங்குங்க” என்று சொல்லி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

அதன் பிறகு தோட்டம் வரும்வரை எந்தப் பள்ளத்துக்கும் கலைவாணி வேகத்தைக் குறைக்கவில்லை.

கீழ்க் கணக்கில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்து மைதானத்தில் முகாம் போட்டோம். இந்த ஊவா மாகாணத்தில் ஆனி மாதத்துக் காற்று எப்படிப்பட்டது என்பதை நான் எங்கோ படித்திருக்கிறேன், படித்தது போதவில்லை. படுதாவை விரித்துக் கம்பு நட்ட சற்று நேரத்தில் அது கம்போடு பறந்து மிளகாய்ப் பாத்தி ஒன்றில் விழுந்தது. பாத்திக்காரர் படுதாவையும் முறிந்த இரண்டு மிளகாய்ச் செடியையும் சேர்த்தே கொண்டுவந்து கொடுத்தார். நான் வண்டியில் படுத்தேன், கலைவாணி லயத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் படுத்தாள். கட்டில் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் காற்றடித்தால் வண்டி ஆடும், ஆடினால் அந்தப் புதுப் பட்டைகள் கிறீச்சிடும்.

திங்கட்கிழமை விடிந்து, ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்கு எல்லாரும் கூடும் நேரத்திலேயே கிளம்பிவிட்டோம். மேல் கணக்குக்கு ஏறும் பாதை உருளைக் கற்கள் கொட்டிய பாதை. மழை இல்லாததால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உருளக் காத்திருந்தது. இரண்டாவது கொண்டை வளைவில் வண்டி நின்றது. கலைவாணி பின்னால் இறக்கி மறுபடி ஏற்றினாள். பின்சக்கரங்கள் கல்லின் மேல் துள்ளின, சுழன்றன, புழுதியைக் கிளப்பின. வண்டி பக்கவாட்டில் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. மூன்றாவது முறை நான் இறங்கிவிட்டேன். என்ன நடக்கிறது என்பது வெளியே நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. லொறிப் பாரத்துக்குக் கட்டிய பட்டை எங்கள் பாரத்துக்கு வளைந்து கொடுக்கவே இல்லை. பின்சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் இல்லை. வண்டிக்கு எடை போதவில்லை.

தராசுக்காரி வண்டிக்கு எடை போதவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்கும் நிலையில் நாங்கள் இருவருமே இல்லை. முதல் கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தராசை வெறுங்கையோடு ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டுமானால் பேட்டரி மேலே போக வேண்டும். அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போக முடியாது. கற்களை அள்ளிப் போடலாமா என்றேன். அவள் இழுப்பறைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அவர்கள் வந்தார்கள். வறட்சியில் கீழ்க் கணக்கில் கொழுந்து இல்லை. அதனால் அன்று கீழ்க் கணக்குப் பெண்களை மேலே அனுப்பியிருந்தார்கள். கொழுந்து ஏற்றும் டிராக்டர் மத்தியானம்தான் வரும் என்பதால் எல்லாரும் நடை. ஒன்பது பேர். முன்னால் பார்வதி அக்கா.

கலைவாணி என்னைக் கேட்கவில்லை. வண்டியின் பின் பலகையை இறக்கிவிட்டு, எல்லாரையும் ஏறச் சொன்னாள்.

பார்வதி அக்கா மற்றவர்களைக் கையால் நிறுத்தினார். “நேத்து ஒரு மூட்ட மாவுக்கு எடமில்ல. இன்னைக்கு ஒம்போது பொம்பளைக்கு எடம் வந்திருச்சா? ராத்திரியோட வண்டி வளந்திருச்சு போல.”

“அக்கா, வண்டி ஏற மாட்டேங்குது. பாரம் வேணும்.”

“பாரமா? அப்ப எங்க மேல இரக்கப்பட்டு கூப்புடல.”

“இல்லக்கா.”

“அதச் சொல்லு” என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஏறியவரும் அவர்தான். நேராக மெத்தை மேல் போய் உட்கார்ந்தார், மண்காலோடு. மற்றவர்கள் மேசை மேல், தண்ணீர்த் தொட்டி மேல், இழுப்பறைகளுக்கு முன்னால். சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருங்கள், வயரை மிதிக்காதீர்கள் என்று நான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஐயாவையும் ஏத்துங்கடி, அவரும் ஒரு பாரந்தான்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். நானும் ஏறி, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வண்டி ஏறியது. துள்ளவில்லை, சுழலவில்லை. ஒவ்வொரு கல்லாக மிதித்து, பெரிய வேலைக்காரனைப் போல ஏறியது. அந்தக் கொல்லர் கட்டியது சரியான பட்டைதான், வேறு வண்டிக்கு.

மேல் கணக்கில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒரு தகரக் கொட்டகை. தராசு, மூட்டையை மேலே வைத்து நிறுக்கும் மேடைத் தராசு. கணக்கப்பிள்ளை இளைஞர், மரியாதையானவர். தராசில் ஒன்றும் இல்லை, இவர்களுக்கு எப்போதும் கிலோ பத்தாது, அவ்வளவுதான் என்றார். பெண்கள் மலைக்குப் போனார்கள். வறட்சிக் காலம், முழுப் பெயருக்கு வேண்டிய கிலோ சேர்வதே கஷ்டம். கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பெயர்தான், அன்றைய சம்பளம் பாதி.

கலைவாணி இருபது கிலோ படிக்கல்லை மேடையின் நடுவில் வைத்தாள். இருபது. ஒவ்வொரு மூலையாக நகர்த்தினாள். மூன்று மூலையிலும் இருபது. வாசல் பக்கத்து மூலையில் பதினெட்டரைக்குச் சற்று மேல். கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார். கல்லை எடுத்து மறுபடி அவரே வைத்துப் பார்த்தார்.

மூட்டையை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று கலைவாணி கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தார். பாரத்தோடு வருகிறவர்கள் நுழைந்ததும் இறக்கிவைக்கிற இடம் அதுதான். நடுவுக்கு யார் நகர்த்துவார்கள்?

அந்த மூலைக்குக் கீழிருந்த எடை உணரும் கருவியின் வயர் அரித்துப் போயிருந்தது. மாற்றிப் பற்றவைக்க வேண்டும். இன்வெர்ட்டரை ஓட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. பற்றவைக்கும் கோலைச் செருகப் போனால் அதன் பிளக் மூன்று சதுரக் கால். நான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த இன்வெர்ட்டருக்கு வட்ட ஓட்டை. அத்தனை படத்திலும் இதை நான் கவனிக்கவில்லை. கலைவாணி பிளக்கை வெட்டி எறிந்து, கம்பியைச் சீவி ஓட்டையில் விட்டு, தீக்குச்சிகளால் இறுக்கினாள். மின்பிரிவில் இருந்தவன் பார்க்கக் கூடாத காட்சி; நான் திரும்பி மலையைப் பார்த்தேன்.

பெண்கள் கொழுந்தோடு வரும்போது அவள் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் மூட்டையை வழக்கம்போல் வாசல் மூலையில் இறக்கினார்கள். எண் நின்றது. யாரும் சொல்லாமலே கணக்கப்பிள்ளை அதே மூட்டையை நடுவுக்கு நகர்த்தினார். எண் மாறவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

எல்லா மூட்டையையும் நிறுத்து முடித்தபின் அடுத்த பிரச்சினையை நான் எழுப்பினேன். பட்டையைக் கழற்றாவிட்டால் அடுத்த முறையும் வண்டி ஏறாது.

“கழட்ட வேணாம் மச்சான்” என்றாள் கலைவாணி. “நான் வர்ற நாள முன்கூட்டியே சொல்லிர்றேன். இவங்க கீழ நிக்கட்டும்.”

அப்படியானால் எத்தனை கிலோ வேண்டும் என்று தெரிய வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். தராசு எதிரேயே இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக மேடையில் ஏறினார்கள். கல்யாணம் ஆன பிறகு இவள் எத்தனை கிலோ கூடினாள், அவள் வெற்றிலையை எடுத்துவிட்டு ஏற வேண்டும் என்று ஒரே கூச்சல். எட்டுப் பேருக்கும் சேர்த்து நானூற்றுப் பதினோரு கிலோ.

பார்வதி அக்கா ஏறவில்லை. மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

“நான் வந்த நாள்லேர்ந்து அந்த மூலையிலதான் மூட்டய எறக்குறேன்” என்றார், சிரிக்காமல். “இது மொதல்ல என் கொழுந்த ஒழுங்கா நிறுக்கட்டும். கொஞ்ச நாள் பாத்துட்டு அப்பறமா நான் ஏறுறேன்.”

அந்த மூலை எப்போதிருந்து குறைத்தது என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தேதி இல்லை.

வியாழக்கிழமை மாலை திருச்சியில் இருந்தேன். முத்திரை விழுந்துவிட்டது, எல்லாக் கணக்கிலும், என்று செய்தி வந்தது. அடுத்த வரியில், மெத்தையில் மண் போகவில்லை என்றும் இருந்தது.

இதை எழுதும் இன்று ஜூலை பதினான்கு. பார்வதி அக்கா இன்னும் தராசில் ஏறவில்லையாம். ஆகவே என்னையும் சாமான்களையும் நீக்கி, இரண்டாவது கொண்டை வளைவில் அந்த வண்டி ஏறத் தேவைப்பட்ட பாரம்: எட்டுப் பேர், நானூற்றுப் பதினோரு கிலோ, மேலும் ஒருவர். அந்த ஒருவரின் எடை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.